சூட்டில் சுருங்கும் கம்பி மோட்டார் ஆகுமா?

ஜனவரி 5, ஒரு வாசகரின் கேள்வி

நிட்டினால் என்ற உலோகக் கம்பி கொஞ்சம் வாங்கினேன். தலைமுடித் தடிமன்தான். கரண்ட் கொடுத்தால் சுருங்கி எடையைத் தூக்குகிறது, நிறுத்தினால் பழையபடி நீள்கிறது. காயில் கிடையாது, காந்தம் கிடையாது, பேரிங் கிடையாது. பொருளே மோட்டாராக இருக்கும்போது இன்னும் எதற்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்?

ஜனவரி 5, இரவு

இதற்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும். 22 வருடம் மோட்டார் காயில் கட்டியவன். சீலிங் ஃபேனுக்கு 36-ஆம் கேஜ் கம்பி, 0.19 மி.மீ. நான் கட்டியதிலேயே மெல்லியது 42-ஆம் கேஜ், 0.1 மி.மீ. அதைக் கையில் எடுத்தால் எடுத்தது விரலுக்கே தெரியாது, கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும். மோட்டார் சிறிதாகச் சிறிதாக வேலை கடினமாகும் என்பது எனக்குக் கை அனுபவம். ஆனால் கடினம் கைக்கு மட்டுமல்ல, இயற்பியலுக்கும்தான்.

கணக்கு எளியது. ஒரு மோட்டாரின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் பத்தில் ஒன்றாக்குங்கள். எடை ஆயிரத்தில் ஒன்றாகும். கம்பியின் குறுக்குப் பரப்புக்கு ஏற்ற அதே விகிதத்தில் கரண்ட் விட்டால், காயிலுக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள காந்த விசை பத்தாயிரத்தில் ஒன்றாகும். அதாவது எடை குறைவதைவிட வேகமாக பலம் குறைகிறது. பேரிங்கின் உராய்வு பரப்பைச் சார்ந்தது, அது நூறில் ஒன்றுதான் ஆகும். உருவம் சுருங்கச் சுருங்க மோட்டார் தன் உராய்வோடு போராடியே களைத்துவிடும்.

1959 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு உரை நிகழ்த்தினார். ஒரு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, அதாவது 0.4 மி.மீ கனசதுரத்துக்குள் அடங்கும் மின் மோட்டாரைச் செய்பவருக்கு 1000 டாலர் பரிசு என்றார். புதிய தொழில்நுட்பம் ஏதாவது பிறக்கும் என்று எதிர்பார்த்தார். 1960 நவம்பரில் வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் செய்து கொண்டுவந்துவிட்டார். 13 பாகங்கள், எடை 250 மைக்ரோகிராம். செய்த விதம்? மைக்ரோஸ்கோப், சாமணம், பல்குத்தும் குச்சி, கைப்பொறுமை. ஃபைன்மன் பரிசைக் கொடுத்தார், ஆனால் அவர் தேடிய புது வழி அதில் இல்லை. காயில் கட்டுபவனாகச் சொல்கிறேன், எனக்கு அந்த 13 பாகங்கள் மேல்தான் பிரியம்.

ஆனாலும் கேள்வி கேட்டவர் பக்கமே நிற்கிறேன். அந்த அளவுக்குக் கீழே போனால் பொருளே மோட்டாராக இருப்பதுதான் சரி.

ஜனவரி 6

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. அதே விகிதத்தில் கரண்ட் விட்டால் என்று எழுதினேன். மெல்லிய கம்பிக்கு அதைவிட அதிகமாகவே விடலாம். பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம் என்பதால் சூடு சீக்கிரம் வெளியேறும். பெரிய மோட்டார் எரியும் விகிதத்தில் சிறிய காயில் சாதாரணமாக ஓடுவதைக் கடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எழுதும்போது மறந்துபோனேன். ஆக, காந்த மோட்டார் நான் சொன்ன அளவுக்கு மோசமில்லை. பேட்டரிக் கைக்கடிகார முள்ளை நகர்த்துவது இன்றும் காயிலும் காந்தமும்தான்.

ஜனவரி 11

கம்பி எனக்கும் வந்து சேர்ந்தது. 0.1 மி.மீ. என் 42-ஆம் கேஜ் அளவேதான்!

முதல் துண்டைக் கெடுத்துவிட்டேன். 10 செ.மீ. நீளத்துண்டு, 12 வோல்ட் அடாப்டரில் நேராகக் கொடுத்தேன். மீட்டருக்கு சுமார் 126 ஓம் என்பதால் துண்டுக்கு 12, 13 ஓம். ஒரு ஆம்பியர் ஓடியிருக்கும். சிவந்து தளர்ந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் சுருங்கவே இல்லை. அளவுக்கு மீறிய சூடு அதன் பழக்கத்தையே அழித்துவிடும். இந்தத் தடிமனுக்கு 200 மில்லி ஆம்பியர் போதும்.

இரண்டாவது முறை 20 செ.மீ. அதற்கு 25 ஓம். போன் சார்ஜரின் 5 வோல்ட் சரியாக 200 மில்லி ஆம்பியர் தரும். 140 கிராம் எடை தொங்கவிட்டேன், படிக்கற்கள்தான். ஒரு நொடியில் 8 மி.மீ. மேலே போனது. நீளத்தில் 4 சதவீதம். 8 மி.மீ. என்று எழுதும்போது சின்னதாகத் தெரியும். தலைமுடி போன்ற கம்பி 140 கிராமைச் சத்தமே இல்லாமல் தூக்குவதை நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் எடையைக் கழற்றிவிட்டுச் சூடாக்கினேன். சுருங்கியது. ஆறவிட்டேன். நீளவில்லை.

மூன்று முறை பார்த்தேன். கேள்வியில் "நிறுத்தினால் பழையபடி நீள்கிறது" என்று இருக்கிறதே, அது கம்பியின் வேலை இல்லை. தொங்கும் எடைதான் அதைப் பிடித்து இழுத்து நீட்டுகிறது. கம்பிக்குத் தெரிந்தது ஒரு திசை மட்டும்.

ஜனவரி 11, இரவு

ஏன் ஒரு திசை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி அணுக்கள் கலந்த உலோகம் இது. குளிர்ந்திருக்கும்போது அணுக்களுக்கு ஒரு அடுக்கு, சூட்டில் இன்னொரு அடுக்கு. என் கம்பிக்கு எல்லை 70 டிகிரி அளவு. அணுக்கள் இடம்விட்டு ஓடுவதில்லை, பக்கத்து அணுவோடு சேர்ந்தே சாய்கின்றன. சூட்டு அடுக்குக்குச் சாய்வதற்கு ஒரே வழி. குளிரில் பல வழிகள், எல்லா வழிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்து மொத்த உருவம் மாறாமல் நின்றுவிடும். யாராவது இழுத்தால்தான் எல்லாம் ஒரு பக்கம் சாயும்.

பெயரே கதை சொல்லும். நிக்கல், டைட்டானியம், அப்புறம் அது பிறந்த அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தின் முதலெழுத்துகள். வில்லியம் பியூலர் அங்கே ஏவுகணை மூக்குக்கு ஏற்ற உலோகம் தேடிக்கொண்டிருந்தார். 1961-இல் ஒரு கூட்டத்தில், மடித்து மடித்து வைத்திருந்த பட்டையைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேவிட் மஸ்ஸி என்பவர் தன் பைப் லைட்டரை அதற்குக் காட்டினார். பட்டை விரிந்து நேராகிவிட்டது.

ஜனவரி 12

திறன் எவ்வளவு என்று கேட்டவருக்கு: 140 கிராம், 8 மி.மீ. செய்த வேலை 0.011 ஜூல். கொடுத்தது 5 வோல்ட், 0.2 ஆம்பியர், ஒரு நொடி, ஆக 1 ஜூல். ஒரு சதவீதம். நான் கட்டிக்கொடுத்த எந்த மோட்டாராவது இந்தக் கணக்கில் ஓடியிருந்தால் வாடிக்கையாளர் அன்றே திருப்பிக் கொண்டுவந்திருப்பார். மிச்சமெல்லாம் கம்பியைச் சூடாக்கவும் காற்றைச் சூடாக்கவும் போனது.

எனவே 5-ஆம் தேதி "பொருளே மோட்டாராக இருப்பதுதான் சரி" என்று எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். எடைக்கு எடை பலம் பார்த்தால் கம்பி. கரண்ட் பில் பார்த்தால் காயில்.

ஜனவரி 18

இது நீளமாக வரும். கடலோரத்துக்காரர் ஒருவர் தங்கூசி நரம்பில் முயன்று பாருங்கள் என்று எழுதியிருந்தார். தூண்டிலுக்குக் கட்டும் சாதாரண நைலான் நரம்பு. 2014 பிப்ரவரியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ரே பாக்மன் குழு இதை வெளியிட்டது. தூண்டில் நரம்பையும் தையல் நூலையும் முறுக்கி முறுக்கிச் சுருளாக்கினால் செயற்கைத் தசை ஆகிவிடும். சூடாக்கினால் பாதி நீளம் வரை சுருங்க வைத்துக் காட்டினார்கள். அதே நீளம், அதே எடை உள்ள மனிதத் தசையைவிட நூறு மடங்கு பாரம் தூக்கும் என்றார்கள்.

செய்தேன். 0.6 மி.மீ. நரம்பு ஒரு மீட்டர். மேல்முனை டிரில்லிங் மெஷினில், கீழ்முனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பாட்டில் சுற்றிவிடக் கூடாது, அதற்காக ஒரு குச்சியைக் குறுக்கே கட்டி இரண்டு நாற்காலிக் கால்களுக்கு நடுவே நிறுத்தினேன். மெதுவாகச் சுற்ற வேண்டும். முதலில் நரம்பு முறுக்கேறிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. திடீரென ஓரிடத்தில் ஒரு புரி விழுகிறது. அது தொற்றுநோய் போல மேலும் கீழும் பரவுகிறது. முடிவில் பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைப் பிடித்து நெருக்கியது போல ஒரு சுருள், கால் பங்கு நீளம்.

எங்கள் ஊரில் கயிறு திரிப்பதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவன் நான். முறுக்கு அதிகமானால் கயிறு தன்மேல் தானே புரளும் என்று திரிப்பவர்கள் சத்தம்போடுவார்கள். அவர்கள் தவிர்க்கப் பார்த்ததை இங்கே வேண்டுமென்றே செய்கிறோம்.

எடையோடு தொங்கவிட்டுக் கொதித்த தண்ணீரை ஊற்றினேன். 24 செ.மீ. சுருள் இரண்டு செ.மீ. சுருங்கி அரைக் கிலோவைத் தூக்கியது. பாதியெல்லாம் இல்லை, என் முறுக்கும் என் சூடும் அவ்வளவுதான். ஆனால் நரம்பின் விலையைப் பாருங்கள்!

காரணம் இதுதான். இழுத்துச் செய்த நைலான் நரம்பு சூடேறினால் குறுக்கே பருக்கும், நெடுக்கே லேசாகச் சுருங்கும். முறுக்கி வைத்த நரம்பில் இந்த இரண்டும் சேர்ந்து முறுக்கைப் பிரிக்கப் பார்க்கும். சுருளில் முறுக்குப் பிரிய வழியில்லாததால் சுருளின் இடைவெளி மூடிக்கொள்ளும். நீளத்தில் ஒரு சின்ன மாற்றம் சுருளில் பெரிய மாற்றமாகிவிடுகிறது.

இதுவும் ஒரு திசைதான். பாட்டில் இல்லாமல் ஊற்றினேன், அசையவே இல்லை. சுருள்கள் ஏற்கனவே ஒட்டிக்கொண்டிருந்தன, மூடுவதற்கு இடைவெளி இல்லை. பாட்டில் முதலில் இழுத்துத் திறந்து வைத்தால்தான் நரம்புக்கு வேலை.

ஜனவரி 19

ஒரு சேர்ப்பு. முறுக்கும் சுருளும் ஒரே பக்கம், அதாவது இரண்டும் வலம்புரி அல்லது இரண்டும் இடம்புரி என்றால் சூட்டில் சுருங்கும். வலம்புரியாக முறுக்கிய நரம்பை இடம்புரியாக ஒரு கம்பியில் சுற்றிச் சுருளாக்கினால் சூட்டில் நீளும். செய்து பார்த்தேன், நீள்கிறது.

ஜனவரி 19, மாலை

"அப்படியானால் நீளும் சுருளையும் சுருங்கும் சுருளையும் சேர்த்துக் கட்டினால் திரும்பி வரும் பிரச்சினை தீர்ந்ததே" என்று ஒருவர். தீராது. இரண்டும் ஒரே சூட்டில் வேலை செய்பவை, ஒரே நேரத்தில் ஆறும். தீர்வு நம் கையிலேயே இருக்கிறது. மடக்குவதற்கு ஒரு தசை, நீட்டுவதற்கு எதிர்ப்புறம் இன்னொரு தசை. தசைக்கும் இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. இரண்டு நிட்டினால் கம்பிகளை எதிரெதிராகக் கட்டி மாற்றி மாற்றிச் சூடாக்கினேன், நன்றாக ஆடுகிறது. ஆனால் ஒன்று ஆறும் வரை மற்றதற்குக் காத்திருக்க வேண்டும். சூடேற்றுவதை வேகப்படுத்தலாம், ஆறுவதை அவ்வளவு எளிதில் வேகப்படுத்த முடியாது. கம்பி மெல்லியதாக மெல்லியதாகச் சீக்கிரம் ஆறும். சிறிதாவதில் உள்ள லாபம் இங்கேதான் தெரிகிறது.

இப்போது முதல் கேள்விக்கு என் பதில் மாறிவிட்டது. காயில் மோட்டாரின் பெருமை இழுப்பதில் இல்லை. ஒரு துருவத்தை இழுத்து முடித்ததும் கார்பன் பிரஷ் கரண்டைத் திருப்பிவிடுகிறது, அடுத்த துருவம் இழுக்கிறது. திரும்பி வரவே தேவையில்லாமல் சுற்றிக்கொண்டே போகிறது. தேய்ந்த பிரஷ்களை இத்தனை வருடம் மாற்றியும் இதை நான் இப்படி யோசித்ததில்லை.

ஜனவரி 24

காஸ் லைட்டரில் பொறி வருவதும் பொருளின் வேலைதானா என்று கேட்டவருக்கு. ஆமாம், உள்ளே ஸ்பிரிங் சுத்தியல் ஒரு சிறு பீங்கான் துண்டை அடிக்கிறது, அழுத்தம் மின்சாரமாகிப் பொறி வருகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. மின்சாரம் கொடுத்தால் அந்தப் பீங்கான் நீளும். முதல் பக்கத்தை 1880-இல் க்யூரி சகோதரர்கள் கண்டார்கள், மறுபக்கம் இருந்தாக வேண்டும் என்று அடுத்த ஆண்டு லிப்மன் என்ற இயற்பியலாளர் கணக்கில் சொன்னார், சகோதரர்கள் சோதித்து உறுதி செய்தார்கள். நீட்சி ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் சூடாவதற்கோ ஆறுவதற்கோ காத்திருக்க வேண்டாம். மின்னழுத்தத்தை எடுத்தால் தானே திரும்பிவிடும். கைக்கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகக் கவை இப்படித்தான் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது.

போனிலும் இப்படி ஏதாவது உண்டா? திரையைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அதில் பங்குள்ள, சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப் சில்லில் ஒரு சிலிக்கான் துண்டு இடைவிடாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. அதை ஆட்டுவது நிலைமின் விசை, சீப்புப் பல் போன்ற தகடுகள். காந்த விசை தளரும் அளவில் நிலைமின் விசை தாக்குப்பிடிக்கும்.

பிப்ரவரி 1

திரும்பி வருவது பற்றி எழுதிய பிறகு ஒரு வாரமாக இன்னும் கீழே போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். பாக்டீரியா அளவுக்கு வந்தால் திரும்பி வந்தாலும் பிரச்சினை.

எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் 1977-இல் இதை எழுதினார். இரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள உயிருக்குத் தண்ணீர் நமக்குப் பாகு போல. நீந்துவதை நிறுத்தினால் ஒரு அணுவின் அகலம்கூட வழுக்கிப் போகாமல் அங்கேயே நின்றுவிடும். அந்த உலகில் ஒரு சிப்பி மெதுவாகத் திறந்து சட்டென மூடினாலும் முன்னேறாது. திறந்தபோது போன தூரத்தை மூடும்போது அப்படியே திரும்ப வந்துவிடும். வேகத்தை மாற்றிப் பயனில்லை. போன வழியிலேயே திரும்பக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. என் இரண்டு கம்பி ஆட்டத்தை அந்த அளவுக்குச் சுருக்கித் துடுப்பு கட்டினால் படகு நின்ற இடத்திலேயே ஆடும்.

அப்படியானால் ஈ.கோலி என்ற பாக்டீரியா எப்படி நீந்துகிறது? சுற்றுகிறது. அதன் உடலில் பதிந்த மோட்டார் 45 நானோமீட்டர் அகலம். புரோட்டான்கள் உள்ளே பாயும்போது நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. வெளியே திருகு போன்ற நீண்ட வால், திருகு மரத்தில் இறங்குவது போலத் தண்ணீரில் போகிறது. வால் ஆடுகிறதா சுற்றுகிறதா என்ற சந்தேகத்தை 1974-இல் சில்வர்மன், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் தீர்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாலைக் கண்ணாடியில் ஒட்டவைத்தார்கள். உடல் முழுவதும் சுற்ற ஆரம்பித்தது. டேபிள் ஃபேன் இறக்கையை யாராவது கட்டிவைத்தால் பாடி சுற்றப் பார்க்குமே, அதே சோதனை.

பிப்ரவரி 3

இன்னும் கீழே. நம் செல்களுக்குள் கைனசின் என்ற புரதம் சரக்கைச் சுமந்து குழாய்ப் பாதையில் நடக்கிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றுக்கு ஓர் அடி, ஓர் அடிக்கு 8 நானோமீட்டர். 6 பைக்கோநியூட்டன் வரை எதிர்த்து இழுக்கும். பெருக்கினால் 48 பைக்கோநியூட்டன்-நானோமீட்டர் வேலை. செல்லுக்குள் ஒரு ஏ.டி.பி. தருவது அதே அலகில் 80 முதல் 100. ஆக பாதி வேலையாகிறது. என் கம்பி ஒரு சதவீதம். 12-ஆம் தேதிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கே திரும்பி வரும் சிக்கல் தலைகீழாக இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் ஓயாமல் இடிக்கின்றன. தள்ளுவதற்கு ஆள் தேவையில்லை, இடியே தள்ளிவிடும். பின்னால் தள்ளப்படாமல் தடுக்கத்தான் சக்தி வேண்டும். முன்னால் தற்செயலாக விழுந்த காலை ஊன்றவைத்து, பின்னே போகும் வழியை அடைப்பதுதான் ஏ.டி.பி.யின் பெரிய வேலை.

மனிதர் செய்த மூலக்கூறு மோட்டாரிலும் அதுவேதான் சூட்சுமம். 1999-இல் பென் ஃபெரிங்கா நெதர்லாந்தில் ஒளியால் சுற்றும் மூலக்கூறைச் செய்தார். ஒளி பட்டால் பாதிச் சுற்று வந்து இறுக்கமான நிலையில் நிற்கும். அடுத்து வெப்பத்தில் ஒரு பகுதி இன்னொன்றைத் தாண்டி வழுக்கி விழும், இனி பின்னால் போக முடியாது. மறுபடி ஒளி, மறுபடி வழுக்கல், ஒரு சுற்று. இப்படிப்பட்ட மோட்டார்களைத் திரவப் படிகப் படலத்தில் கலந்து, அதன்மேல் கிடந்த 28 மைக்ரோமீட்டர் கண்ணாடிக் குச்சியையே சுற்றவைத்தார்கள். 2016 வேதியியல் நோபலில் அவருக்கும் சோவாஜ், ஸ்டோடார்ட் இருவருக்கும் பங்கு.

பிப்ரவரி 4

"வெடிக்காய் மோட்டாரா?" என்று கேட்டவருக்கு நன்றி. பள்ளிக்கூட வேலியோரம் பறித்து எச்சில் தொட்டுக் கையில் வைத்துக் காத்திருப்போமே, பட் என்று வெடித்து விதை தெறிக்கும், அதுதான். காய்ந்த தோலில் இழுவிசை சேர்ந்திருக்கிறது, ஈரம் பட்டதும் ஒட்டு விடுகிறது. வேகம் அருமை. ஆனால் ஒரே ஒரு முறை. திரும்பி வராததை நான் மோட்டார் என்று சொல்ல மாட்டேன், எலிப்பொறி என்பேன். தொட்டாற்சிணுங்கி திரும்பி வருகிறது, சில நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6

நேற்று சாயங்காலம் காட்டுப்பக்கம் நடந்துவிட்டு வந்து வேட்டியிலிருந்து ஊசிப்புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நடக்க நடக்க மேலேயே ஏறும், கீழே இறங்காது. கூர்முனையில் பின்பக்கம் சாய்ந்த முடிகள். காலின் அசைவு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு பக்கம்தான் நகரும். கைனசின் பற்றி நான் சுற்றி வளைத்து எழுதியது வேட்டியிலேயே இருக்கிறது!

அதோடு முடியவில்லை. விதையின் நீண்ட வாலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முறுக்கிய கயிறு. நடுவில் ஒரு மடிப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். முறுக்குப் பிரிந்து, மடிந்த முனை கடிகார முள் போலச் சுற்றியது. வெயிலில் வைத்தேன். எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி முறுக்கிக்கொண்டது. வால் செல்களின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் சாய்வாகச் சுற்றியிருக்கின்றன, ஈரத்தில் உப்பும்போது முறுக்கு மாறுகிறது. என் தங்கூசி நரம்பில் சூடு செய்ததை இங்கே ஈரம் செய்கிறது. பாட்டில் இல்லை, ஸ்பிரிங் இல்லை, வெயிலே திருப்பிக் கொண்டுவருகிறது. போகும்போதும் வரும்போதும் முனை சுற்றித் துளைக்கிறது, பின்சாய்ந்த முடிகள் வெளியே வர விடுவதில்லை.

பிப்ரவரி 11

தட்டில் தளர்ந்த மண் போட்டு ஐந்து ஊசிப்புல் விதைகள். காலையில் தெளிப்பு, மதியம் வெயில். இன்று ஐந்தாவது நாள். இரண்டு விதைகள் வால் மடிப்பு வரை மண்ணுக்குள். மூன்று மேலேயே உருண்டுகொண்டிருக்கின்றன. உள்ளே போன இரண்டின் வாலும் பக்கத்துக் கல்லில் முட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றுக்கும் முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை, விதைதான் சுற்றுகிறது. இப்போது அந்த மூன்றின் பக்கத்திலும் ஒவ்வொரு கல் வைத்திருக்கிறேன். நாளைக் காலை தெளித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.